அனமோர்போசிஸ்: ‘உருத்திரிபு’ வேண்டாம், ‘கோணுரு’ எப்படி?

> அனமோர்போசிஸுக்கு ‘உருத்திரிபு’ என்று போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு சின்னத் தடை இருக்கிறது. உருத்திரிபு என்றதும் ஏதோ பழுதாகிப் போனது என்றுதான் மனதில் படும். அனமோர்போசிஸ் என்பது, சும்மா பார்த்தால் சிதைந்தும், குறித்த ஓர் இடத்திலிருந்தோ ஓர் ஆடியிலோ (கண்ணாடியிலோ) பார்த்தால் சரியாகவும் தெரியும்படி வரைவது. இந்தப் படங்களில் பழுதே இல்லை. பார்ப்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே போய் நின்றால் எல்லாம் நேராகிவிடும். கணக்குப் போட்டுக் கோணலாக்கியது அது.

கொழும்பு கெத்தாராமையில் பிரேமதாச மைதானத்துக்கு கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். எல்லைக்கோட்டுக்கு அப்பால் புல்லில் ஒரு விளம்பரம். என் இருக்கையிலிருந்து பார்க்க, யாரோ பெயின்ட் வாளியைக் கவிழ்த்து இழுத்துக்கொண்டு போனதுபோல் நீண்டு கிடந்தது, எழுத்துக் கூட்டவே முடியவில்லை. பக்கத்திலிருந்த பொடியன் போனில் அதே மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்த விளம்பரம் பலகை நட்டதுபோல் நிமிர்ந்து நிற்கிறது! பந்து பொறுக்க வந்தவர் அதன் மேலேயே நடந்து போனார். அவர் கால் பட்ட பிறகுதான் போனிலும் அது தரை என்று தெரிந்தது. காசு கொடுத்து உள்ளே வந்த எங்களுக்காக அல்ல, கமரா நிற்கும் இடத்துக்காக வரைந்திருக்கிறார்கள்.

கொழும்புக் காலி வீதியில் தரையில் வரைந்திருக்கும் அம்புக்குறிகளும் இதே சாதிதான். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து. வண்டி ஓட்டுபவருக்கோ அளவான அம்பு.

ஓவியத்தில் எல்லோரும் காட்டுவது ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதுவர்கள்’. லண்டன் நேஷனல் கலரியில் இருக்கிறது. இரண்டு கனவான்களின் காலடியில் சாய்வாக ஒரு நீளக் கறை. படத்தின் வலப்பக்கம் ஒதுங்கி, சுவரோரமாக நின்று பார்த்தால் அது மண்டையோடு. ஆனால் அங்கிருந்து கனவான்கள் வடிவாகத் தெரியமாட்டார்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘அனா’ என்றால் மீண்டும், ‘மோர்ஃபே’ என்றால் உரு. ஆகவே ‘மீளுரு’ என்று முதலில் நினைத்தேன். அழகான வினைத்தொகை. ஆனால் மீளுருவாக்கம் என்பதை ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறோம், குழம்பிவிடும். உருமாற்றமோ கம்பளிப்பூச்சிக்குப் போய்விட்டது. தங்கச்சி தந்த ‘சாய்நோக்குரு’ ஹோல்பைனுக்குப் பொருந்தும். உருளை வடிவ ஆடியை நடுவில் வைத்து, அதில் தெரிவதைப் பார்க்கும் படங்களுக்கு? அங்கே சாய்ந்து பார்ப்பதில்லையே.

அதனால் நான் சொல்வது ‘கோணுரு’. கோணிய உரு என்பது ஒன்று. கோணம் என்பதும் காதில் விழுகிறது, பார்க்கும் பக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆடி வைத்துப் பார்ப்பதை ‘ஆடிக் கோணுரு’ எனலாம். அம்புலன்ஸ் முகப்பில் திருப்பி எழுதும் எழுத்தை இதில் சேர்க்கவேண்டாம். அங்கே இடம் வலம் மாறுகிறதே தவிர அளவு சிதைவதில்லை.

கோணல் என்றால் குறைதானே என்பீர்கள். ஆடத் தெரியாதவர் மேடையைக் கோணல் என்பார் என்ற பழமொழி இருக்கிறதே, இங்கே மேடையும் உண்மையிலேயே கோணல்தான், ஆடுபவரும் தெரிந்தே ஆடுகிறார்.

ஒரே ஒரு சிக்கல். அலுவலகத்தில் இந்தச் சொல்லைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் கேட்டார்: “கோணூரா? அது திருகோணமலைப் பக்கமோ?”