பாமாயில் இல்லாத சோப்பு என்று எழுதுவது நேர்மையாகுமா?

நொய்யல்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே குளிர்முறையில் சோப்பு செய்து, ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையிலும் தெரிந்தவர்களிடமும் விற்று வருகிறேன். ஒரு கிலோ எண்ணெயில் 400 கிராம் தேங்காயெண்ணெய், 350 கிராம் பாமாயில், மீதி தவிட்டெண்ணெயும் விளக்கெண்ணெயும் என்பது என் கணக்கு. பாமாயிலின் விலை குறைவு என்பது உண்மைதான் என்றாலும், அதைச் சேர்ப்பதற்கு முதன்மையான காரணம், அது கட்டியை இறுக வைத்து, ஈரமான சோப்புப் பெட்டியில் குழைந்து போகாமல் காக்கும் என்பதே.

சென்ற மாதம் சந்தையில், பத்தாம் வகுப்புப் படிக்கும் வயதுடைய ஒரு பெண் என் சோப்பைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் திருப்பி, நான் கையால் எழுதி ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தாள். "ஆன்ட்டி, இதில் பாமாயில் இருக்கிறதே, ஒராங்குட்டான் வாழும் காட்டை அழித்துத்தானே அதை எடுக்கிறார்கள்?" என்று கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கட்டியை எடுத்த இடத்திலேயே பதமாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாததால்தான் அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது.

அன்றிலிருந்து பாமாயிலை விட்டுச் செய்து பார்க்கிறேன். தேங்காயெண்ணெய் மட்டும் என்றால் நுரை பொங்குகிறது, ஆனால் தோல் வறண்டு இழுக்கிறது. தவிட்டெண்ணெயைக் கூட்டினால் ஆறு வாரம் உலர்த்திய பிறகும் கட்டியில் விரல் பதிகிறது. இதைச் சரிசெய்து, உறையில் "பாமாயில் இல்லாதது" என்று அச்சிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படி அச்சிடுவதால் ஏதாவது ஒரு காட்டுக்கு உண்மையில் நன்மை உண்டா, அல்லது வாங்குபவரின் மனத்தைக் குளிர வைப்பதோடு அது முடிந்துவிடுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காரமும் கொழுப்பும்:

வணக்கம் சகோதரி. சோப்புத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நீண்டகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நிலக்கணக்கைப் பார்ப்போம். பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை (நம் ஊர்ப் பனைமரம் அன்று; இனிப் பனை என்று நான் சொல்வதெல்லாம் இதையே) ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை டன் எண்ணெய் தருகிறது. தென்னை முக்கால் டன் அளவிலும், சோயா அரை டன்னுக்கும் குறைவாகவும் தருகின்றன. கடையில் வாங்கும் 100 கிராம் கட்டியில் 60 கிராம் பனையிலிருந்து வந்தது என்றும், நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு கட்டி கரைகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் ஆகிறது. அதற்கு எட்டு சதுர மீட்டர் பனைத்தோட்டம், அதாவது ஒரு சிறிய அறையின் பரப்பு போதும். அதே எண்ணெயைத் தென்னையிலிருந்து எடுக்க நாற்பது சதுர மீட்டர் வேண்டும். ஐ.யூ.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, பனையால் அச்சுறுத்தலுக்கு உள்ளாகியிருக்கும் 193 உயிரினங்களைக் குறிப்பிட்ட அதே இடத்தில், மற்ற எண்ணெய்ப் பயிர்களுக்கு மாறினால் ஒன்பது மடங்கு வரை கூடுதல் நிலம் தேவைப்படலாம் என்றும் எச்சரித்தது. பனையைக் கைவிடுவதே காட்டைக் காப்பது என்று சொல்ல முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

அடுத்து, பெயர்களைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. எண்ணெய்ப்பனைப் பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெயும், கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து வேறோர் எண்ணெயும் கிடைக்கின்றன. சதை எண்ணெயில் பால்மிடிக் அமிலம் மிகுதி. உங்கள் கட்டி இறுகுவது அதனால்தான். பருப்பெண்ணெய் தேங்காயெண்ணெய்க்கு உடன்பிறப்பு போன்றது; ஷாம்பூவில் நுரை தரும் சோடியம் லாரெத் சல்ஃபேட் பெரும்பாலும் அதிலிருந்து செய்யப்படுகிறது. சோப்பு உறையில் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று இருந்தால் அடையாளம் காண்பது எளிது. ஆனால் கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், செட்டில் ஆல்கஹால் என்று இருக்கும்போது அது பனையா, தேங்காயா, வேறொன்றா என்று படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் சோப்போடு பாத வெடிப்புக்குக் களிம்பும் செய்பவராக இருந்தால், அதில் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலம் எதிலிருந்து வந்தது என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை "பாமாயில் இல்லாதது" என்று எழுதாதீர்கள்.

சான்றிதழ் பெற்ற எண்ணெயை வாங்கலாமே என்று யாராவது கேட்கலாம். 2004-ல் தொடங்கப்பட்ட ஆர்.எஸ்.பி.ஓ. என்னும், நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பின் சான்று உலக உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு உண்டு. காட்டை அழித்தோ கரிநிலம் என்னும் மட்கிய தாவர மண்ணைத் தோண்டியோ புதிதாக நடக்கூடாது என்று 2018-ல் அதன் விதிகளை இறுக்கினார்கள். ஆனால் அந்தச் சான்றில் பல படிகள் உண்டு. பால் சொசைட்டியில் நல்ல தீவனம் போட்ட வீட்டுப் பாலும் மற்ற வீட்டுப் பாலும் ஒரே கேனில் ஊற்றப்படுகின்றன. நல்ல வீட்டிலிருந்து பத்து லிட்டர் வந்தது என்று ஏட்டில் குறித்துக்கொண்டு, அந்தக் கேனிலிருந்து பத்து லிட்டரை "நல்ல பால்" என்று விற்பது எப்படியோ, அப்படித்தான் "மாஸ் பேலன்ஸ்" என்னும் முறை நடக்கிறது. சோப்பு, ஷாம்பூ மூலப்பொருள்களில் சான்று என்று வருவது பெரும்பாலும் இந்த வகையே. அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். நல்ல தோட்டத்துக்குக் கூடுதல் பணம் போய்ச் சேருகிறது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் கட்டி எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு அது பதினோரு கிலோவை நெருங்குகிறது, அதாவது மேலே சொன்ன சோப்புக் கணக்கைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயிலை இறக்குமதி செய்யும் நாடு இந்தியா; அதில் பெரும்பகுதி வாணலிக்குப் போகிறது. ஏழை வீட்டு வாணலியைப் பற்றி நியாயம் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சோப்பை மட்டும் பிரித்து வைத்து அறம் பேசினால் அளவு பிசகிவிடும்.

லயத்துப்பிள்ளை:

வணக்கம் அக்கா. நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள். நீங்கள் பாமாயில் என்று சொல்வதன் மரத்தை நாங்கள் செம்பனை என்போம். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் எங்கள் மாநிலத்தில்தான் தொடங்கியது. தென்னமாரம் என்னும் அந்தத் தோட்டத்தின் பெயர் நம் காதுக்குத் தென்னைமரம் என்றே ஒலிக்கும்.

ஒராங்குட்டானைப் பற்றிய கேள்வியை அந்தச் சிறுமி கேட்டது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் செம்பனைத் தோட்டத்தில் மனிதர்களும் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள் என்பதை இந்தப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. என் பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். 1960களுக்குப் பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, அதே நிலத்துக்கு முன்புபோல் அத்தனை கைகள் தேவைப்படவில்லை. ஆண்கள் நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டி, இருபது இருபத்தைந்து கிலோ எடையுள்ள குலைகளை அறுத்துத் தள்ளுவார்கள். பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும் மருந்து அடிப்பதும் என்று ஆயிற்று. என் அம்மா மருந்து அடித்தவர். முதுகில் தொட்டியைச் சுமந்து, மரத்தின் அடியில் களை கருக பாராகுவாட் தெளித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வருவார். அவருடைய கைநகங்கள் அடியில் வெளுத்து, ஓரம் பிளந்து, ஒன்றிரண்டு கழன்றே விழுந்திருக்கின்றன. சோறு பிசைந்து ஊட்டும்போது அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். கையுறை வந்தபோது அது வெயிலில் கொதித்ததால் யாராலும் அணிய முடியவில்லை. அந்த மருந்தை 2002-ல் தடை செய்வதாக அரசு அறிவித்தது; 2006-ல் தடையை விலக்கியது; இறுதியாக 2020-ல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை கைகள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இப்போது லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எங்கள் மக்கள் குறைவு. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மீதமுள்ளவற்றில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் குலை அறுக்கிறார்கள். கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டு என்று சொல்லி, மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் எண்ணெயை 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. அந்த இரண்டுமே சான்றிதழ் அமைப்பில் உறுப்பினராக இருந்தவைதான். அந்தத் தடைக்குப் பிறகு, வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் தரகர்களிடம் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் நிலை ஏற்பட்டது. வெளியிலிருந்து ஒருவர் அழுத்திக் கேட்டால் உள்ளே ஏதோ ஒன்று நகர்கிறது என்பதை நான் அதிலிருந்து அறிந்தேன். ஆகவே நீங்கள் செம்பனையை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். வாங்கும் இடத்தில் கேள்வியை விடாதீர்கள் என்றுதான் கேட்பேன்.

ஹட்பே மழை:

பெரியவர் சொன்ன எட்டு சதுர மீட்டர் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. எண்களில் பிழை இல்லை. அவை சராசரி என்பதுதான் சிக்கல். அந்த எட்டு சதுர மீட்டர் நூறாண்டுப் பழைய தோட்டத்தில் இருக்கிறதா, சுமத்ராவின் கரிநிலக் காட்டில் இருக்கிறதா என்பதில்தான் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி மட்கிய தாவரங்களாலான கரிநிலத்தை வாய்க்கால் வெட்டி வடிகட்டினால், அது காய்ந்து, தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2015-ல் இந்தோனேசியாவில் எரிந்த 26 லட்சம் ஹெக்டேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இத்தகைய கரிநிலம். அந்தப் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் வாரக்கணக்கில் மூடியிருந்தது.

மேலும், அதிக மகசூல் தரும் பயிர் நிலத்தை மிச்சப்படுத்தும் என்பது தேவை மாறாமல் நிற்கும்போதுதான் உண்மை. எண்ணெய் மலிவானதால் தேவை பெருகியது. பெருகிய தேவை புதுக் காட்டைக் கேட்டது. இது தொலைதூரக் கதை அன்று. நான் சில ஆண்டுகள் வாழ்ந்த சிறிய அந்தமானில், ஓங்கே பழங்குடி மக்களின் காட்டை வெட்டி, 1970களில் தொடங்கி சுமார் 1,600 ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை நட்டார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. அடித்தளத்தில் புல்லும் முளைக்காத அந்த வரிசைகளுக்குள் நடந்து, பத்தடி தள்ளி இருக்கும் காட்டுக்குள் நுழைந்தால் காதுக்கே வேறுபாடு தெரியும்; ஒரு பக்கம் பறவையோசை, மறுபக்கம் காய்ந்த மட்டை உரசும் ஓசை மட்டும். இப்போது 11,040 கோடி ரூபாயில் 2021-ல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் 3.28 லட்சம் ஹெக்டேரைக் குறிவைத்திருக்கிறது. இலங்கை அதே 2021-ல், மண்ணரிப்பையும் ஊற்றுகள் வறண்டதையும் காரணம் காட்டி, நட்ட எண்ணெய்ப்பனைகளைப் படிப்படியாகப் பிடுங்கச் சொன்னது. ஒரே ஆண்டில் இரண்டு அண்டை நாடுகள் எதிரெதிர்த் திசையில் நடந்தன.

சகோதரிக்கு என் பதில் எளிது. உலகத்துக்கே சோப்பு செய்யும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே நிற்கும் தென்னந்தோப்பிலிருந்தும், அரிசி ஆலையில் எப்படியும் விழும் தவிட்டிலிருந்தும் மாதம் இருபது கிலோ எண்ணெய் வாங்கினால் எங்கும் ஒரு மரமும் புதிதாக விழப்போவதில்லை. எல்லாரும் அப்படி மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி ஆலைகளுக்கானது. கட்டி இறுகுவதற்கு இலுப்பையெண்ணெயை முயன்று பாருங்கள்.

காரமும் கொழுப்பும்:

இலுப்பை நல்ல யோசனை. பால்மிடிக், ஸ்டியரிக் இரண்டுமே அதில் நிறைய உண்டு. முன்பெல்லாம் சோப்புக்கு அதைத்தான் தேடி வாங்குவார்கள். மரங்கள் அருகிவிட்டதால் சீராகக் கிடைக்காது என்பது மட்டுமே தடை. எண்ணெயைச் சோப்பாக்கும் காரத்தின் அளவைக் கிடைக்கும் எண்ணெய்க்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுங்கள். கரிநிலம் பற்றி ஹட்பே மழை எழுதியதை ஏற்கிறேன். சராசரியை அறத்துக்கு அளவுகோலாக வைத்தது என் பிழை.

நொய்யல்கரை:

மூவருக்கும் நன்றி. மூலப்பொருள் வாங்கும் கடையில் நேற்று கேட்டேன். களிம்புக்கான ஸ்டியரிக் அமில மூட்டையைத் திருப்பிக் காட்டினார்கள்; மலேசியா என்ற ஒரு சொல்லைத் தவிர அதில் எந்த விவரமும் இல்லை. தோட்டத்தின் பெயரைக் கேட்டவர் நான்தான் முதல் ஆள் என்று கடைக்காரர் வியந்தார். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்குமாறு சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதமும் கேட்பேன்.

இலுப்பையெண்ணெய் இரண்டு கிலோ மட்டும் கிடைத்தது. தேங்காய் 450, இலுப்பை 300, தவிடு 150, ஆமணக்கு 100 என்று ஊற்றி வைத்திருக்கிறேன். மூன்றாம் நாளே கத்தி வைத்தால் விளிம்பு உதிராமல் வெட்டுப்படுகிறது. நிறம் சற்று மங்கல், இலுப்பை வாசம் முழுதும் போகவில்லை. இலுப்பை கிடைக்காத மாதங்களில் பாமாயில் சேர்ப்பேன். சேர்த்த மாதத்தில் "பாமாயில் 300 கிராம், தோட்டம் தெரியவில்லை" என்று உறையில் எழுதுவேன். களிம்பு டப்பாவில் இன்று காலையே "ஸ்டியரிக் அமிலம், பனையிலிருந்து இருக்கலாம்" என்று சேர்த்து எழுதிவிட்டேன். மலேசியத் தங்கையின் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தச் சிறுமி மறுபடி சந்தைக்கு வந்தால், ஒராங்குட்டானோடு சேர்த்து அந்தக் கைகளைப் பற்றியும் அவளுக்குச் சொல்வேன்.