மறு: ‘எடுப்புகள்’ வேண்டாம், ‘வீட்டுப் பற்று’ வைப்போம்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். சின்னக் கடைகளுக்கான கணக்குச் செயலியின் சொற்பட்டியலில் ‘டிராயிங்ஸ்’ (உரிமையாளர் கடையிலிருந்து தன் சொந்தச் செலவுக்கு எடுப்பது) என்பதற்கு நேராக ‘எடுப்புகள்’ என்று போட்டிருக்கிறோம். மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலில் அப்படித்தான் இருக்கிறது, ஏன் கைவைக்க வேண்டும் என்று இங்கே பலர் எழுதியிருக்கிறார்கள். பேரேடு, இருப்பாய்வு, வாராக்கடன் எல்லாவற்றையும் பாடநூலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. இந்த ஒன்றை மட்டும் ‘வீட்டுப் பற்று’ என்று மாற்றச் சொல்கிறேன்.

நம் செயலியைத் திறக்கப் போகிறவர் பில் போடாத கடைக்காரர். அவரிடம் இருப்பது ஒரு கடன் நோட்டும், கம்பியில் குத்தி வைத்த ஏஜென்சி பில்களும்தான். அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே பெயர் இருக்காது, ‘டெய்லர்’ என்றோ ‘பச்சை கேட் அக்கா’ என்றோ இருக்கும். அப்புறம் ‘து.ப ½ – 75, எண் 1 – 140, ப.பாக்கி 310’, அதாவது துவரம் பருப்பு, எண்ணெய், பழைய பாக்கி. பணம் வந்துவிட்டால் குறுக்கே ஒரு கோடு. கடனுக்குப் போனது மட்டும்தான் எழுத்தில் ஏறுகிறது, ரொக்கத்துக்கு விற்றது எங்குமே ஏறுவதில்லை. ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவை எண்ணித்தான் அன்றைய வியாபாரத்தைத் தெரிந்துகொள்கிறார்.

இங்கேதான் சிக்கல். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காலையில் 800 ரூபாய் சில்லறையோடு திறந்தார். இரவு கல்லாவில் 5,300 இருக்கிறது. நடுவில் பால்காரருக்கும் பிரெட் வண்டிக்கும் சேர்த்து 2,100 கொடுத்திருக்கிறார். ஆக, வந்த ரொக்கம் 6,600 என்று முடித்துக்கொள்கிறார். மத்தியானம் பையன் டியூஷனுக்கு என்று கல்லாவிலிருந்து எடுத்த 500 நினைவில் இல்லை. உண்மையில் வந்தது 7,100. தினமும் இப்படி ஒரு 500 நழுவினால் மாதம் 15,000 ரூபாய்க்கு வியாபாரமே நடக்காத மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் ‘கடையில ஒண்ணும் மிஞ்சல’ என்று சொல்லுவார். வீட்டில் எல்லோரும் அந்தக் கடையை வைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பணமாக எடுத்தால் கல்லாவாவது குறையும். தட்டிலிருந்து அரைக்கிலோ பருப்பும் ஒரு சோப்பும் வீட்டுக்குப் போனால் எந்த இடத்திலும் தடம் இருக்காது. எங்கள் தெரு அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். ‘நம்ம கட, நம்ம அரிசி, யார் பேர்ல எழுதச் சொல்றீங்க?’ என்றார். கடை வேறு, உரிமையாளர் வேறு என்பதைப் பாடநூல் ‘வணிகத் தனித்தன்மைக் கருத்து’ என்று ஒரு பக்கம் எழுதுவதை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். யார் பேரில்? நாம் வைக்கிற சொல் இதற்குப் பதில் சொன்னால் போதும்.

‘எடுப்புகள்’ சொல்லவில்லை. யார் எடுத்தார், எதற்கு எடுத்தார் என்ற எதுவும் அதில் இல்லை. கடைக்காரர் சரக்கு எடுக்கிறார், வங்கியில் பணம் எடுக்கிறார், வாடிக்கையாளரும் எடுத்துக்கொண்டு போகிறார், எல்லாமே எடுப்புதான். வயதானவர்களுக்கு எடுப்புக் கக்கூஸ் வேறு ஞாபகம் வரும், அதை விட்டுவிடுவோம்.

‘பற்று’ (கடனுக்கு வாங்கியதன் கணக்கு, பேச்சில் ‘பத்து’) கடைக்காரர் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல். ‘எம் பத்துல எழுதிக்குங்க’, ‘பத்து எவ்வளவு ஆச்சு’ என்று காது புளிக்கக் கேட்டிருப்போம். டெய்லருக்கு ஒரு பற்று, பச்சை கேட் அக்காவுக்கு ஒரு பற்று இருப்பது போல வீட்டுக்கும் ஒரு பற்று. வீடும் ஒரு வாடிக்கை, அதுவும் கடன் சொல்லி வாங்குகிற வாடிக்கை. அண்ணாச்சியின் கேள்விக்கு இதுதான் பதில். பழகிய நோட்டிலேயே ஒரு பக்கம் திறந்தால் ஆயிற்று. இரட்டைப் பதிவு முறைப்படியும் குற்றமில்லை, உரிமையாளர் எடுத்தது பற்று (டெபிட்) பக்கத்தில்தான் விழுகிறது.

இது நான் உட்கார்ந்து யோசித்த வழக்கமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அவர் நோட்டில் கடைசிப் பக்கத்தின் தலைப்பு ‘வீடு’. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டும், கடைக்காசில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது என்று தெரியாவிட்டால் தவணை நாளில் கைமாற்று கேட்டு அலைய வேண்டியிருக்கிறது என்பதால் அவராகவே தொடங்கியது. எந்தப் பாடநூலையும் அவர் பார்த்ததில்லை.

இனி, வந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

> நாட்டுப்பற்று, மொழிப்பற்று மாதிரி வீட்டுப்பற்று என்றால் வீட்டின் மேல் பாசம் என்று படாதா?

படும், தனியாக எழுதிவைத்தால். பக்கத்தில் 500 என்று ஒரு தொகை நின்றால் யாருக்கும் பாசம் ஞாபகம் வராது. பற்று அட்டையையும் பற்றுச்சீட்டையும் நாம் பாசத்தோடு குழப்பிக்கொள்வதில்லை.

> இலங்கை நண்பர்களுக்கு ஒத்துவருமா?

அங்கே டெபிட் என்பது ‘வரவு’, கிரெடிட் என்பது ‘செலவு’. ஆக, நம் பாடநூலில் டெபிட்டுக்கும் ‘பற்று’ என்றே பெயர் இருப்பதால் வரும் மோதல் அவர்களுக்கு இல்லை. ஆனால் செயலி முழுக்கவே அவர்களுக்குத் தனிச் சொற்பட்டியல் தேவைப்படும். ஒரே மொழிக்கோப்பில் இரண்டையும் திணித்தால் வரவும் செலவும் தலைகீழாகிவிடும். இதை வேறு இழையில் பேசலாம்.

> தனியாள் கடை வைத்திருந்தால் வீடு எங்கே வருகிறது? ‘முதலாளி பற்று’ என்றால் என்ன?

அந்தப் பெட்டிக்கடை அக்கா தன்னை முதலாளி என்று சொல்லிக்கொள்ள மாட்டார். தனியாளும் தன் செலவை ‘வீட்டுக்கு எடுத்தேன்’ என்றுதான் சொல்வார்.

> வரித்துறையே கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு கொண்டுவந்த வழி அப்படித்தான்: விற்றுமுதலில் (மொத்த விற்பனையில்) 8 சதவீதம், வங்கி வழியாக வந்த பகுதிக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால் விரிவான ஏடுகள் வேண்டாம். சரக்கு விற்பவருக்குச் சரக்கு சேவை வரிப் பதிவும் பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாய்க்கு மேல் போனால்தான். ஆனால் 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். யுபிஐ வழி வந்த தொகையை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சில கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி மாட்டினார்கள். சொந்தக்காரர் அனுப்பியதும் கைமாற்றாக வந்ததும் அதே கணக்கில்தான் விழுந்தன, எல்லாமே விற்பனை மாதிரி நின்றன என்பது வியாபாரிகளின் குறை. வீட்டுப் பணமும் கடைப் பணமும் கலப்பது ஒருவழிப் பாதை இல்லை. நகையை அடகு வைத்துச் சரக்கு போடுவதும் நடக்கிறது. அதனால் ‘வீட்டுப் பற்று’க்கு இணையாக ‘வீட்டு வரவு’ என்ற சொல்லையும் சேர்த்தே கேட்கிறேன். முதலாவதை ஏற்றால் இரண்டாவது தானாகக் கிடைக்கிறது. ‘எடுப்புகள்’ வைத்தால், வீட்டிலிருந்து கடைக்குள் வரும் பணத்துக்கு ‘கூடுதல் முதல்’ என்று போய்ப் பாடநூலிலேயே மறுபடியும் நிற்க வேண்டும்.

> குரல் பதிவில் ‘வீட்டுப் பத்து ஐநூறு’ என்று சொன்னால் செயலி பத்து என்ற எண்ணை எடுத்துக்கொள்ளும்.

வந்ததிலேயே வலுவான மறுப்பு இதுதான். பேச்சில் பற்று பத்தாகிவிடுகிறது, அதை மாற்ற முடியாது. குரல் கட்டளைக்கு மட்டும் ‘வீடு’ என்று வைத்துவிடலாம். ‘வீடு ஐநூறு’ என்றால் போதும். திரையிலும் அறிக்கையிலும் ‘வீட்டுப் பற்று’ இருக்கட்டும்.

நிரல் எழுதுகிறவர்கள் ஒன்று முடிவு செய்ய வேண்டும். பொருளாக எடுத்ததை எந்த விலையில் பதிவது? கணக்கியல்படி அடக்க விலை, கொள்முதலிலிருந்து கழிக்க வேண்டும். 130க்கு வாங்கி 145க்கு விற்கிற பருப்பை வீட்டுக்கு எடுத்தால் 130தான் எழுத வேண்டும், 145 எழுதினால் நடக்காத விற்பனைக்கு லாபம் காட்டியதாகும். ஆனால் கடைக்காரருக்குச் சட்டென்று வாயில் வருவது விற்கிற விலை. திரையில் விலைக் கட்டத்துக்கு மேலே ‘அசல் விலை’ என்று எழுதிவிட்டால் பாதித் தவறு குறையும். ‘அடக்க விலை’யா ‘அசல் விலை’யா என்று இன்னொரு சண்டை தொடங்கும் என்று தெரியும், நான் அசல் பக்கம்.

ஞாயிறுக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால் இரண்டு சொற்களையும் மொழிக்கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்