பழைய பிரசிஷன் பாஸ்: நுரைத் துண்டுக்கு மாற்று என்ன?

வணக்கம் நண்பர்களே. மாமா வாசித்த ஃபெண்டர் பிரசிஷன் பாஸ் கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 1376632 என்று பொறித்திருக்கிறது. 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனத்தின் தயாரிப்பு, 66 என்றால் 1966ஆம் ஆண்டு, 32 என்றால் அதன் 32ஆம் வாரம். அதாவது, கிட்டார் 1966 ஆகஸ்டுக்கு முந்தையதல்ல. ஆனால் அந்த ஆண்டின் கண்ட்ரோல்களை ஃபெண்டர் அடுத்த சில ஆண்டுகளும் பயன்படுத்தியது. கழுத்தைக் கழற்றினால் அடியில் தேதி முத்திரை இருக்கலாம். இத்தனை காலம் இறுகியிருந்த திருகுகளைத் தொட மனம் வரவில்லை. பத்திரமாகக் கழற்றியவர்கள் வழி சொல்லுங்கள்.

முக்கியமான உதவி வேறு. பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த நுரைத் துண்டு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. தந்தியை அது லேசாக அழுத்துவதால்தான் ஒலி நீளாமல், 'தும்' என்று திரண்டு வந்து நின்றுவிடும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் பாஸ் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி தெரியும். அவரைப் போலவே மாமாவும் ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) தந்திகளைத்தான் போட்டிருந்தார். அவற்றை நான் மாற்றப்போவதில்லை.

கடையில் கிடைக்கும் நுரை ஒன்று மிக மென்மை, இன்னொன்று தந்தியின் ஒலியையே விழுங்கிவிடுகிறது. நீங்கள் எந்த வகை நுரை, எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் வைத்தீர்கள்? குரோம் பூச்சைக் கெடுக்காத பசை எது? படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.