கிண்டிலுக்கு வீட்டிலேயே தோலுறை: எந்தத் தோல், முதுகுக்கு எவ்வளவு விடுவது?

நொய்யல்கரையான் (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2021இல் வந்த கிண்டில் பேப்பர்வைட் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி. உயரம் 174 மி.மீ., அகலம் 125 மி.மீ., தடிமன் 8.1 மி.மீ. நாள்தோறும் கோவைக்கு ரயிலில் வாசித்துக்கொண்டே போகிறவன் என்பதால், கைப்பை தைத்து மீந்த மெல்லிய தோல் துண்டை மலிவாக வாங்கி, நானே ஓர் உறை தைத்தேன். மூன்றே வாரத்தில் கருவியைப் பிடித்து நிறுத்தும் நான்கு மூலைப் பட்டைகளும் தொய்ந்துவிட்டன. பீளமேடு தாண்டி எழுந்தபோது கருவி நழுவி இருக்கையில் விழுந்தது. போதாக்குறைக்கு, உறையை மூடினால் முன்பக்கம் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நிற்கிறது, திரையும் அணைவதில்லை. எங்கே தவறினேன்?

மஞ்சள்காட்டு வாசகர் (ஈரோடு):

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் குரோம் தோலாக இருக்கும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று வளையும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் இழுத்தால் நீளும் என்பதால் குறுகிய பட்டைக்கு அது உதவாது. உங்களுக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடுவது ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துப் பழைய வழக்கம். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிறோமே, அதே ஆவாரைதான். இப்போது வாட்டில் என்னும் வேல மரவகையின் பட்டைச் சாறே அதிகம் புழங்குகிறது, அதுவும் குறையில்லை. கடையில் நிற்கும்போதே வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத்தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும். 1.5 மி.மீ. தடிமன் போதும். விலங்கின் வயிற்றுப் பகுதித் துண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது தொய்யும். முதுகுப் பகுதியில் கேளுங்கள்.

கோபிச் செட்டிபாளையத்து அக்கா:

தம்பி, முன்பக்கம் தூக்குவதற்குக் காரணம் உறையின் முதுகு, அதாவது புத்தக முதுகு போல் நடுவில் மடியும் பகுதியின் அளவு. 8 மி.மீ. கருவிக்கு 8 மி.மீ. மட்டும் விட்டிருப்பீர்கள். உள்ளே இருபுறமும் 1 மி.மீ. மெல்லிய தோல் ஒட்டுவதாக வைத்துக்கொண்டால் அது 10 ஆகிறது. வெளித்தோல் இரண்டு இடத்தில் மடிவதற்கு 3 மி.மீ. கூட்டினால் 13. நான் 14 வைத்தேன், பொருந்தியது. உங்கள் ஊரில் பனியன் பெட்டி அட்டைக்குப் பஞ்சமா? முதலில் அட்டையில் வெட்டி, கருவியை வைத்து மடித்துப் பார்த்த பிறகே தோலில் கத்தி வையுங்கள்.

பசையை இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பின் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டியதால்தான் என் முதல் உறையில் கறை பிடித்தது. வீட்டுத் தையல் இயந்திரத்தை இதற்கு நம்ப வேண்டாம். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு கீறி, 4 மி.மீ. இடைவெளியில் குத்தூசியால் துளையிட்டு, தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்கு மெழுகு நூல் எடுத்து, இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்துங்கள். அப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் பிரிந்து ஓடாது. கருவியின் மின்பொத்தான் அடிவிளிம்பில் இருப்பதால் அந்தப் பக்கம் பட்டை நடுவரை வரக் கூடாது. விளிம்பை ஈரத்துணியால் தடவி, தேன்மெழுகு தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியால் சூடேறும்வரை உரசினால் கண்ணாடி போல் ஆகும். எனக்கு இதில்தான் அதிக இன்பம்.

காங்கேயத்தார்:

திரை அணைவதற்கு உறைக்குள் காந்தம் வேண்டும். 8 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் என்ற வலுவான சிறு காந்தத்தைத் திரையின் விளிம்போடு மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் திரை அணைகிறதோ அதை அட்டையில் குறித்துக்கொண்டு, இரு தோல்களுக்கும் இடையே காந்தத்தை ஒட்டுங்கள். அணையாவிட்டால் காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். தைத்த பிறகு தேட முடியாது. எங்கள் ஊர்த் தேங்காய் எண்ணெயைத் தோலுக்குப் பூசச் சிலர் சொல்வார்கள். நிறம் கறுக்கும் என்பதால் ஓரத் துண்டில் சோதித்த பிறகு இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

நொய்யல்கரையான்:

மூவருக்கும் நன்றி. பழைய உறையின் ஓரத்தைச் சீவிப் பார்த்தேன், நடுவில் நீலம்தான். காந்தம் என்னிடம் இல்லாததால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் பொம்மையை வைத்து நகர்த்தினேன். வலது விளிம்பின் ஓரிடத்தில் திரை சட்டென்று அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டைத்தோல் வாங்க ஈரோட்டுக்கு வருகிறேன். அக்கா, அட்டை மாதிரி தயார், முதுகு 14 மி.மீ.