தட்டையான பீஸ், தப்பான கேட்: பட்டதைச் சொல்லுங்கள்

அம்பத்தூர் டூல்ரூம்காரன்

மோல்டு வேலையில், அதாவது உருகின பிளாஸ்டிக்கைப் பீச்சிப் பொருள் வார்க்கிற இரும்பு அச்சு செய்கிற வேலையில், இருபது வருடம் ஓட்டிவிட்டேன். டப்பா, வாளி என்றால் பயமில்லை. சுவர் இருக்கிற பீஸ் தன்னைத்தானே நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். தட்டையாக ஒரு மூடி என்று டிராயிங் வந்தால்தான் இன்றைக்கும் வயிற்றில் புளி கரைக்கும். எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

பாலிப்ரொப்பிலீன் (பிபி) பிளாஸ்டிக்கில் ஒரு மூடி. 300க்கு 200 மில்லிமீட்டர், கனம் 2. ஓரத்தில் சின்னதாக ஒரு உதடு, மற்றபடி பலகை மாதிரி. ஒரே கேவிட்டி (பொருள் உருவாகிற குழி), செலவு குறைய வேண்டும் என்று இரண்டு பாதியாகத் திறக்கிற இரண்டு பிளேட் மோல்டு. மெஷினிலிருந்து உருகினது வருகிற வழியான ஸ்ப்ரூவை நேரே நடுவில் இறக்கிவிட்டேன்; குழிக்குள் அது நுழைகிற வாய்தான் கேட். எல்லாப் பக்கமும் ஒரே தூரம், சரியாக நிரம்பும் என்று கணக்கு. நிரம்பியது என்னவோ உண்மைதான். முதல் ஷாட்டே முழுசாக வந்தது, எல்லோரும் கைதட்டாத குறை. பத்து நிமிடம் ஆறவிட்டு, மட்டம் பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால், கவிழ்த்த சோற்றுத்தட்டு மாதிரி நடு மேலே எழும்பி நிற்கிறது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம், அதன் இலைகளை எல்லாம் சேர்த்து வைத்தும் இடைவெளி மிச்சம் இருந்தது.

ஆபரேட்டர் ஹோல்டிங் பிரஷரை, அதாவது நிரம்பின பிறகும் அமுக்கிப் பிடிக்கிற அழுத்தத்தை, ஏற்றினார். இன்னும் மோசம். அன்றைக்கு யாருக்கும் ஏன் என்று புரியவில்லை. இப்போது யோசித்தால் சின்ன விஷயம். கேட் நடுவில் இருப்பதால் ஹோல்டிங் நடுவைத்தான் நன்றாக அமுக்குகிறது. ஓரத்துக்கு அழுத்தம் போய்ச் சேர்வதற்குள் அங்கே உறைய ஆரம்பித்துவிடுகிறது. நடு குறைவாகச் சுருங்கும், ஓரம் அதிகமாகச் சுருங்கும். ஓரம் கச்சை மாதிரி இறுக்கினால் நடு எங்கே போகும்? மேலேதான் போகும். பிபி 1 சதவீதத்துக்கு மேல், சில நேரம் 2 சதவீதம்கூடச் சுருங்குகிற சரக்கு. ஏபிஎஸ் மாதிரி அரை சதவீதத்தில் நிற்கிற சரக்கு என்றால் இவ்வளவு ஆட்டம் காட்டியிருக்காது.

கூலிங் நேரத்தைக் கூட்டினோம், மோல்டில் ஒரு பக்கம் சில்லர் குளிர்வித்த தண்ணீர், ஒரு பக்கம் சாதாத் தண்ணீர் விட்டோம், பீஸ் வெளியே வந்ததும் மேலே இரும்புத் துண்டை வைத்து அமுக்கினோம். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி எழும்பியிருந்தது.

கடைசியில் ஃபிலிம் கேட்டுக்கு மாற்றினோம். 300 மில்லிமீட்டர் பக்கம் முழுக்க, ஓரத்துக்கு இணையாக 8 மில்லிமீட்டர் ரன்னர் (உருகினது ஓடுகிற கால்வாய்), அதிலிருந்து அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மெல்லிய ஏடு. உருகின பிளாஸ்டிக் அலை கரைக்கு வருகிற மாதிரி ஒரே வரிசையில் போக வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் ஸ்ப்ரூ நடுவில் அல்லவா இருக்கிறது? கேவிட்டியைத் தள்ளி வைத்தால் டன்னேஜ் (மோல்டை மூடிப் பிடிக்கிற விசை) ஒரு பக்கமாக விழுந்து ஃப்ளாஷ் அடிக்கும், இடுக்கில் பிளாஸ்டிக் பிதுங்கும். அதனால் மேலே ஒரு பிளேட் சேர்த்து மூன்று பிளேட் மோல்டாக்கி, ரன்னரைக் கேவிட்டிக்குப் பின்னால் ஓட்டி, பக்கவாட்டில் இறக்கினோம். முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவு.

ஷார்ட் ஷாட் (வேண்டுமென்றே பாதியில் நிறுத்தின வார்ப்பு) எடுத்துப் பார்த்தால் அலை நேராக இல்லை, நடுவில் நாக்கு நீட்டிக்கொண்டு வருகிறது. ரன்னருக்குத் தீனி நடுவிலிருந்து போவதால் அங்கேதான் அழுத்தம் அதிகம். ஏட்டின் நடுப்பகுதியை அரை மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டு, இரண்டு முனைப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கி 0.7 வரை கொண்டுபோனோம். இரும்பை எடுப்பது சுலபம், திரும்ப வைப்பது கஷ்டம் என்பதால் ஒரு தடவைக்கு 0.05தான் எடுப்பது. நாலாவது ட்ரையலில் அலை நேரானது. மூடி பிளேட்டில் ஒட்டிப் படுத்தது.

அதோடு முடியவில்லை. மூடி டப்பாவில் உட்காரவில்லை! பாயும் திசையில் பிபி கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். 200 பக்கம் 0.4 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. உதட்டை மறுபடி மின்பொறியால் அரித்து, அதாவது ஸ்பார்க் போட்டுத் திருத்தினோம்.

கோவை டைமேக்கர்

அண்ணே, உங்களுக்கு மூடி, எனக்கு ஸ்கேல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற 30 சென்டிமீட்டர் ஸ்கேல்தான். கண்ணாடி மாதிரி இருக்கிற பாலிஸ்டைரீன், கனம் 2 மில்லிமீட்டர். இதைவிடச் சுலபமான பீஸ் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன்.

நீளப் பக்கத்தின் நடுவில் எட்ஜ் கேட் வைத்தேன், இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர்தானே பாய வேண்டும் என்று. பீஸ் வாழைப்பழம். கோடு போடவே ஆகாத ஸ்கேல்! கேட் இருக்கிற பக்கம் நன்றாக அமுங்கி, எதிர்ப்பக்கம் அதிகமாகச் சுருங்கிவிட்டது. சரி என்று குறுகின முனைக்குக் கேட்டை மாற்றினேன். நீளம் கனத்தைப் போல 150 மடங்கு. பாலிஸ்டைரீன் அதைத் தாங்கும். நேராகவும் வந்தது. ஆனால் கேட்டிலிருந்து உள்ளே ஒரு பாம்பு நெளிந்து போன தடம். சின்ன வாயிலிருந்து பெரிய காலி இடத்துக்குள் பீச்சினால் அது சுவரைத் தொடாமல் கயிறு மாதிரி பாய்ந்து மடங்கி, பின்னால் வருவது அதன் மேல் மூடிக்கொள்ளும். வேறு சரக்கில் மறைந்திருக்கும். கண்ணாடி மாதிரி பீஸில் எங்கே மறைப்பது?

ஸ்கேலை ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை உண்டு அல்லவா, அந்த முனையில் கேட் வைத்தால் ஓட்டையை உண்டாக்குகிற பின் (இரும்புக் குச்சி) எதிரே நின்று பீச்சலை உடைக்கும் என்று யோசனை சொன்னார் ஒருவர். பாம்பு போனது உண்மை. பின்னைச் சுற்றி வந்த இரண்டு ஓட்டமும் அதன் பின்னால் சேர்கிற இடத்தில் வெல்டு லைன் விழுந்தது. கீழே போட்டால் சரியாக அந்த இடத்தில் டப்பென்று உடையும். ஓட்டை இல்லாத முனைக்கே திரும்பி, கேட்டை விளிம்பில் வைக்காமல் அடிப்பக்கத்தில் கொஞ்சம் ஏறினாற்போல வைத்தேன். பீச்சல் எதிர்ச்சுவரில் முட்டி அங்கேயே பரவியது. இன்றைக்கும் ஓடுகிற மோல்டு அது.

ஓசூர் ஷிஃப்ட் ஆபரேட்டர்

டிசைன் எனக்குத் தெரியாது சார், மெஷினில் நிற்கிறவன். ஒரு டிரேயில் ஓரச் சட்டம் 3 மில்லிமீட்டர், நடுப்பலகை ஒன்றரை. உருகினது கனமான ஓரத்தில் ரேஸ் ஓடி சுற்றி வந்துவிடும், நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். தினமும் ஒரே இடத்தில் கருகின புள்ளி. ஸ்பீடைக் குறைத்தால் புள்ளி போகும், ஆனால் நடுவில் ஓட்டை விழும். ஆறு மாதம் எங்களைத்தான் திட்டினார்கள். கடைசியில் ஒரு டூல்ரூம் அண்ணன் வந்து அந்தப் புள்ளி விழுகிற இடத்தில் பீஸைத் தள்ளி வெளியேற்றுகிற எஜெக்டர் பின் ஒன்றை வைத்தார். பின்னைச் சுற்றி இருக்கிற இடுக்கில் காற்று போய்விட்டது. ஓரத்தை இளைக்க வேண்டும் என்றும் சொன்னார், அதை வேலை கொடுத்த பார்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

சிப்பெட்டில் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) படித்த பையன்

எட்டு கேவிட்டி, தட்டையான சுவிட்ச் பிளேட். ரன்னர் எச் வடிவம், ஸ்ப்ரூவிலிருந்து எட்டுக்கும் ஒரே தூரம், ஒரே விட்டம். காகிதத்தில் கச்சிதம். ஷார்ட் ஷாட் எடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தால் உள்பக்கம் இருக்கிற நாலும் கனம், வெளிப்பக்க நாலும் இலேசு. கேட்டை மைக்ரோஸ்கோப்பில் அளந்தோம், எட்டும் ஒன்றுதான். மோல்டு சூடு ஒரே மாதிரி இல்லை என்றார் ஒருவர், மோல்டைப் பூட்டுகிற மெஷின் பலகை (பிளேட்டன்) சாய்ந்திருக்கிறது என்றார் இன்னொருவர்.

காரணம் ரன்னருக்குள்ளே. சுவரை உரசிக்கொண்டு போகிற அடுக்கு உராய்வில் சூடேறி இளகிவிடும், நடுவில் போவது அவ்வளவு இளகாது. கிளை பிரிகிற இடத்தில் இந்த அடுக்குகள் கலப்பதில்லை; சூடானது ஒரு பக்கமாகச் சாய்ந்து உள் கேவிட்டிகளுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் ஜான் போமாண்ட் என்பவர் இதை ஆராய்ந்து, கிளையில் ஓட்டத்தைப் புரட்டிவிடுகிற மெல்ட்ஃப்ளிப்பர் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. வெளிப்பக்கக் கேட்டுகளைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். அந்த ஸ்பீடுக்குச் சரியாக வந்தது. இரவு ஷிஃப்டில் யாரோ ஸ்பீடை மாற்றினால் காலையில் மறுபடி ஏறுமாறு.

அம்பத்தூர் அண்ணா, ஒரு சந்தேகம். ஃபிலிம் கேட் போட்டதால் டன்னேஜ் போதவில்லையா? ரன்னர் பரப்பும் கணக்கில் சேருமே?

அம்பத்தூர் டூல்ரூம்காரன்

சேரும் தம்பி. மூடி 600 சதுர சென்டிமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தால் 180 டன். மோல்டு பிரிகிற கோட்டில் படுத்திருக்கிற ரன்னர் 24 சதுர சென்டிமீட்டர், அதற்கு ஏழு டன் சொச்சம். 250 டன் மெஷினில் ஓட்டியதால் பிரச்சினை இல்லை. ஏட்டை வெட்டுவதுதான் தலைவலி. பீஸ் சூடாக இருக்கும்போதே மெஷின் பக்கத்தில் ஒரு ஃபிக்சர் வைத்து, நீளக் கத்தியால் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். ஆறிப்போனால் ஓரம் வெளுத்துவிடும், பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவார்.

கோவை டைமேக்கர்

பழைய நடு ஸ்ப்ரூ ஓட்டையை என்ன செய்தீர்கள் அண்ணே? வெல்டா?

அம்பத்தூர் டூல்ரூம்காரன்

வெல்டு வைத்தால் பாலிஷில் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு இரும்புப் பின்னை அடித்து மூடினேன். அப்படியும் பத்து பைசா அளவுக்கு ஒரு வட்டம் மூடியின் நட்டநடுவில் தெரிந்தது. பார்ட்டியிடம், "சார், உங்கள் கம்பெனி முத்திரை மூடியில் இல்லையே, நடுவில் வைத்தால் எடுப்பாக இருக்குமே" என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். முத்திரையை வெட்டித் தந்ததற்குத் தனியாகக் காசும் கொடுத்தார்.