பொருள்: டிஸ்க் கோல்ஃப் திடல் மதிப்புகளும் 'கோட்டம்' என்ற சொல்லும்

அன்புள்ள குழுவினருக்கு,

டிஸ்க் கோல்ஃப் (கோல்ஃப் போல, வட்டத் தட்டைக் கூடைக்குள் எறிந்து ஆடும் ஆட்டம்) திடல்களுக்கு ஆட்டக்காரர்கள் இடும் மதிப்புகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது, 'பயஸ்' (bias) என்பதற்குப் 'பாரபட்சம்' என்ற சொல்லே போதும் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் கூறியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தியில் வேண்டியவர் இலையில் மட்டும் இரண்டு வடை வைப்பவர் பாரபட்சம் காட்டுகிறார். அந்தச் சொல்லுக்குக் குற்றவாளி ஒருவர் தேவை. திடல் மதிப்புகளிலோ, பெரும்பாலும் எவரும் தவறு செய்யாமலேயே கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லெஸ்டர் என்ற ஊரில் கிறிஸ்துமஸ் மரப் பண்ணை ஒன்றில் அமைந்துள்ள மேப்பிள் ஹில் திடலை எடுத்துக்கொள்வோம். தொழில்முறைப் போட்டிகள் நடக்கும் இடம் அது. கட்டணம் செலுத்தித்தான் ஆட வேண்டும். தொலைவிலிருந்து வண்டியோட்டி அங்கே வருபவர்கள், அப்படிப்பட்ட திடலை விரும்புவோம் என்று முன்பே அறிந்து வருபவர்கள்; அதனால் அவர்கள் இடும் மதிப்பும் உயர்ந்தே நிற்கும். ஏதோ ஒரு சிற்றூர்ப் பூங்காவில், குழந்தைகள் பழகுவதற்காக ஒன்பது கூடைகள் மட்டும் நட்ட திடலுக்கோ, நூற்றுக்கணக்கான திடல்களைக் கண்ட தேர்ந்த ஆட்டக்காரர், போகிற வழியில் எண்ணிக்கைக்காக இறங்கி ஆடிவிட்டு, ஐந்துக்கு ஒன்றரை இட்டுச் செல்கிறார். ஆட்டக்காரர்கள் திடல்களை மதிப்பிடும் டிஸ்க் கோல்ஃப் கோர்ஸ் ரிவியூ இணையதளத்தில் மதிப்பு சுழியம் முதல் ஐந்து வரை, அரை அரையாக ஏறும். அந்த ஒன்றரை நேர்மையான எண்தான். ஆனால் அத்திடல் யாருக்காக அமைக்கப்பட்டதோ, அந்தப் பத்து வயதுப் பிள்ளை மதிப்பிட வருவதே இல்லை. மறுபுறம், தன் ஊர்த் திடலுக்கு ஐந்துக்கு ஐந்து இடுபவரை அங்கே 'ஹோமர்' என்று கேலி செய்வார்கள். அவரும் பொய் சொல்வதில்லை, வேறு திடல்களை அவர் பார்த்ததில்லை, அவ்வளவே.

'பயஸ்' என்பதற்கு மாற்றாகத் தோன்றும் 'சார்பு' என்ற சொல் முன்பே வேறு பணியில் இருக்கிறது: தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' என்பது ஒரு பாடம். 'சாய்வு' அதே கணக்குப் புத்தகத்தில் கோட்டின் சாய்வு. அதோடு, மேடு பள்ளம் நிறைந்த திடலை விவரிக்கும்போது 'இத்திடலின் சாய்வு மிகுதி' என்று எழுதினால் நிலத்தைச் சொல்கிறோமா மதிப்பைச் சொல்கிறோமா என்று வாசகர் திகைப்பார்.

ஆகவே, ஒரு பக்கமாகக் கோணுதல் என்ற பொருளில் 'கோட்டம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை' என்று 118ஆம் குறளும், 'உட்கோட்டம் இன்மை' என்று அடுத்த குறளும் கூறுகின்றன. தராசை வைத்தே இதை விளக்கலாம். முள் நடுங்கும் தராசில் பத்து முறை நிறுத்துச் சராசரி எடுத்தால் சரியான எடைக்கு அருகில் வந்துவிடலாம். வெறுந்தட்டிலேயே ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும் தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே பிழைதான் வரும். முன்னது சிதறல், பின்னது கோட்டம்.

இந்த வேறுபாடு தெளிவாக இல்லாவிட்டால் திருத்தத்தையும் விளக்க முடியாது. மூன்றே பேர் ஐந்து ஐந்தாக இட்ட திடல் பட்டியலின் தலையில் ஏறாதிருக்க, எல்லாத் திடல்களின் பொதுச் சராசரியிலிருந்து சில கற்பனை மதிப்புகளைச் சேர்ப்பது வழக்கமான ஓர் உத்தி. பொதுச் சராசரி 3.5 என்றும், சேர்ப்பவை பத்து என்றும் கொண்டால், அத்திடலின் மதிப்பு 5இலிருந்து 3.85ஆக இறங்கும், இருநூறு பேர் சேர்ந்து 4.3 இட்ட திடலோ 4.26 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இது சிதறலுக்கு மருந்து. அந்த இருநூறு பேரும் உள்ளூர்க்காரர்களாக இருந்தால் கோட்டம் அப்படியே இருக்கும்.

திடலுக்கும் ஆட்டக்காரருக்கும் ஒன்றுபோல வழங்கும் 'ரேட்டிங்' பற்றியும் ஒரு சொல். 1976இல் எட் ஹெட்ரிக் தொடங்கிய தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம், ஆட்டக்காரர்களுக்கு எறிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டு ஓர் எண் வழங்குகிறது. 1000 என்பது அதில் தேர்ந்த ஆட்டக்காரரின் அளவுகோல். அதைத் 'தர எண்' என்றும், ஆட்டக்காரர்கள் திடலுக்கு இடுவதை 'மதிப்பு' என்றும் பிரித்துவிடலாம் என்பது என் கருத்து.

*

ஐயா, வணக்கம்.

பிரித்துக் காட்டியமைக்கு நன்றி. 'தர எண்', 'மதிப்பு' இரண்டையும் ஏற்கிறேன். 'கோட்டம்' எனக்கு இடறுகிறது. இன்றைய வாசகருக்கு அது வள்ளுவர் கோட்டம், இல்லையேல் மின்வாரியக் கோட்ட அலுவலகம். 'கோடல்' என்று மாற்றலாமா என்று முதலில் நினைத்தேன். ஆனால் நன்னூலின் 'கோடல் மரபு' பாடம் கொள்ளும் முறையைக் குறிப்பதால் அதையும் விட்டுவிட்டேன். வினையிலும் சிக்கல் உண்டு: 'கோடிய மதிப்பு' என்றால் கோடிக்கணக்கில் பணமோ என்று கேட்பவர் இருப்பார்.

எனினும் எதிர்மறை வடிவம் நன்றாக வருகிறது. 'கோடா மதிப்பு' என்பதைக் குறள் படித்த எவரும் புரிந்துகொள்வர். எனவே பெயர்ச்சொல்லைத் தனியே விடாமல் 'மதிப்புக்கோட்டம்' என்று எப்போதும் தொகையாகவே எழுதினால் கட்டடமும் அலுவலகமும் குறுக்கே வாரா. உள்ளூர்க்காரரின் அன்பை மட்டும் அதில் அடக்க வேண்டாம், அது 'திடற்பற்று'. பற்று மனத்தில் இருப்பது, கோட்டம் கணக்கில் தெரிவது. பற்றில்லாமலும் கோட்டம் வரும் என்பதற்குத் தங்கள் ஒன்பது கூடைத் திடலே சான்று.

'ஃபேர்னஸ்' என்பதற்கு 'நடுநிலை' பொருந்தாது என்பது என் ஐயம். அந்த ஒன்றரை இட்டவர் நடுநிலையாகத்தான் இட்டார். சிறுவர் திடலைப் போட்டித் திடலோடு ஒரே வரிசையில் நிறுத்திய பட்டியல்தான் நியாயமற்றது. 'நியாயம்' என்றே வைத்துக்கொள்ளலாமா, அல்லது 119ஆம் குறளின் 'செப்பம்' (நேர்மை) இன்னும் மீட்கத் தக்கதா என்பதைக் குழுவினர் கூறக் கேட்டுக்கொள்கிறேன்.