கச்சான் சரையில் பாதிக் கதை

ஊறணிக்காரி

மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இரண்டு நாள் முந்திய இரவு. தொண்ணூறுகளின் கடைசி, எனக்குப் பதினொரு வயது. பாட்டி, எங்கள் பெத்தா, கச்சான் கடலை வாங்கித் தந்தார். தின்று முடித்துச் சரையை, அந்தப் பேப்பர்ச் சுருளை, பிரித்தால் ஏதோ ஒரு வார இதழின் தாள், ஒரு கதையின் நடுப்பக்கம். ஒரு பெண் சந்தைக்குப் போகும்போது வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாள். திரும்பி வந்து கேட்டால், "உங்கட அண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரே" என்கிறார்கள். அவளுக்கு அண்ணனே கிடையாது. வீட்டுக்கு ஓடுகிறாள், கதவு சும்மா சாத்தியிருக்கிறது, தள்ளுகிறாள். அதற்குக் கீழே தாள் கிழிந்திருந்தது.

அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் பெத்தாவை இழுத்துக்கொண்டு அதே கச்சான்கார மாமியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. பெற்றோல்மாக்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த பேப்பர் கட்டைத் தள்ளிவிட்டு, "தேடு புள்ள" என்றார். குந்தியிருந்து அரை மணித்தியாலம் தேடினேன். கணித வினாத்தாள், மரண அறிவித்தல், யாருடையதோ சமயப் பாடக் கொப்பி. கதையின் மிச்சம் இல்லை.

"கிடைக்கல்லயா? அப்ப நீயே சொல்லு, உள்ளுக்க யார் இருந்த?"

"கள்ளன்" என்றேன்.

சரை சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "கள்ளன் திறப்பு வாங்கிட்டா வருவான்?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குக் கச்சான் அளக்கத் திரும்பிவிட்டார்.

அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முடிவு எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றை வானொலி 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கும் அனுப்பினேன், இடையிடையே பாட்டுப் போட்டு வாசித்தார்கள். அந்த முடிவும் மாமிக்குப் பிடித்திருக்காது. நான் இன்றைக்கு நாலு வரி எழுதுகிறேன் என்றால் அது பள்ளிக்கூடம் தந்தது இல்லை, அந்தக் கேள்வி தந்தது. உங்களையும் இப்படி ஒரு தாள், ஒரு பாட்டு, ஒரு படம் பிடித்துவைத்திருக்கிறதா?


சம்மாந்துறைக் காக்கா

எனக்குப் புத்தகம் இல்லை தங்கச்சி, முயல்.

ரூபவாஹினி டீவியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களக் குரல் கொடுத்துப் போட்ட முயல் கார்ட்டூன்கள் ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் டீவி இல்லை. மாமா வீட்டு விறாந்தையில் பாய் போட்டுப் பார்ப்போம். மற்றப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் வாயைப் பார்ப்பேன். எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது, பத்து வயதில் அந்த முயல் பேசுகிற மாதிரியே எனக்குச் சிங்களம் வந்தது. முயல் மாதிரி என்றால் அதே இழுவை, அதே நக்கல். மனுசர் பேசும் சிங்களத்தை நான் அதுவரை கேட்டதே குறைவு.

வாப்பாவோடு சைக்கிளில் வரும்போது ஒரு செக் பொயின்ற். வழமைபோல இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார் வாப்பா. ஆமிக்காரன் என்னைப் பார்த்தான். நான் முயலின் குரலில், "கொஹொமத யாளுவே?" என்றேன். எப்படிச் சுகம் கூட்டாளி என்று!

அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மண்மூட்டைக்குப் பின்னால் இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்றான். நானும் சொன்னேன். மூன்று பேர் சிரிக்கிறார்கள், நான் சிரிக்கிறேன். வாப்பா நீட்டிய கையை மடக்காமல் அட்டையோடு அப்படியே நிற்கிறார்.

வீடு வரும்வரை பேச்சே இல்லை. கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் சொன்னார், "அவன் சிரிச்சான் மகன். சிரிக்காம விட்டிருந்தா?"

அந்தச் சிங்களம்தான் எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது. அம்பாறையில் மொழிபெயர்ப்பு வேலை, தமிழ்க் கடிதத்தைச் சிங்களமாக்குவதும் சிங்களத்தைத் தமிழாக்குவதும். ஆனால் அன்றைக்கு அவர்கள் என்னோடு சேர்ந்து சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்பதை மட்டும் இன்னும் மொழிபெயர்க்க முடியவில்லை.


ஓய்வு நூலகர்

இரண்டு பதிவுகளும் நன்று. ஆயினும் கச்சான் சரையும் கார்ட்டூனும் வாசிப்பு ஆகிவிடாது என்பதைத் தாழ்மையுடன் சொல்லவேண்டும். முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவன் நான்.

என் அனுபவம் சிறியது. மண்முனைப் பாலம் திறப்பதற்கு (2014) வெகு முன்னர், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒரு பையன் சனிக்கிழமைகளில் மண்முனைத் துறையில் பாதை (ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவை) ஏறி, இக்கரையில் பஸ் பிடித்து வருவான். இரவல் அட்டை கேட்டான். ஊர் எல்லைக்குள் வரி கட்டும் ஒருவரின் பிணைக் கையெழுத்து வேண்டும் என்றேன். அதுதான் விதி. அவனுக்கு இக்கரையில் ஆள் இல்லை. சில வாரம் பத்திரிகைப் பகுதியில் இருந்து வாசித்தான், பிறகு வரவில்லை. நிற்க.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்காதீர்கள், புத்தகம் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். வாங்கிய புத்தகம் ஷோகேசில் ஏறிவிடும், இரவல் புத்தகத்துக்குத் திகதி உண்டு, திகதி இருந்தால்தான் கை அதைத் தொடும். 894.811 என்ற எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள், அந்த எண் ஒட்டிய அலுமாரியில்தான் தமிழ் இலக்கியம் இருக்கும். யாரிடமும் கேட்காமல் அங்கே நடந்து போகிற பிள்ளைக்கு ஒரு நிமிர்வு வரும். வாசித்து முடித்ததும் "என்ன விளங்கினது?" என்று கேட்காதீர்கள், அது சோதனை மண்டபத்துக் கேள்வி. பாதியில் மூடி வைத்தால் திட்டாதீர்கள். பெரியவர்களுக்கான பகுதிக்குப் போகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள், விளங்காததை அது தானே திருப்பி வைத்துவிடும். ஒக்டோபரில் வாசிப்பு மாதம் என்று பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு நவம்பரில் அலுமாரியைப் பூட்டும் பாடசாலைகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், அதிபரிடம் திறப்பைக் கேளுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு போனை வாங்கி வைத்துவிடுங்கள். இந்தக் கொரியா நாடகம், சுடுகிற விளையாட்டு எல்லாம் மூளையை மழுக்கும். மங்கலான வெளிச்சத்தில் கசங்கிய தாள்களை வாசிப்பது கண்ணுக்கும் நல்லதல்ல.

இன்னும் எழுதலாம். தேவையானோர் கேட்கவும்.


ஊறணிக்காரி

நான் கேட்கவே இல்லையே சேர். கண் நன்றாகத்தான் இருக்கிறது.


கல்முனை அம்மா

கொரியா நாடகம் என்றதால் எழுதுகிறேன். நானும் சேர் சொன்ன மாதிரித்தான் இருந்தேன், எட்டு மணி கூட இல்லை, ஏழு மணிக்கே பறித்துவிடுவேன்.

மகளுக்கு அப்போது பதினைந்து. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த கொரோனாக் காலம், வகுப்பு எல்லாம் போனில். வகுப்பு முடிந்தும் போன் கீழே வராது. எட்டிப் பார்த்தால் கொரியாக்காரன் அழுதுகொண்டிருப்பான், இவளும் அழுவாள். "உன்ட அப்பா வெளிநாட்டில கிடக்கார், அதுக்கு நீ ஒருநாள் அழுதிருக்கியா?" என்று கேட்டு ஒருமுறை போனைச் சுவரில் எறிந்தேன். திரை தேங்காய்ப்பூ மாதிரிப் போனது.

2022 பொருளாதாரக் கஷ்டத்தில் மூத்தவனுக்கு இங்கே வேலை இல்லை. கொரியாவுக்குப் போகப் போகிறேன் என்று அந்த மொழிப் பரீட்சைக்குக் காசு கட்டி வகுப்புக்குப் போனான். கரண்ட் இல்லாத ஒரு இரவு, விளக்குக்கு முன்னால் இருந்து சத்தமாகப் பாடமாக்குகிறான். ஒரே சொல்லைப் பத்து முறை சொல்கிறான். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அங்கிருந்தபடியே, "அப்பிடி இல்லண்ணா, கடைசி எழுத்த விழுங்கு" என்று சொல்லிக்காட்டினாள். எனக்கு ஒரு வித்தியாசமும் விளங்கவில்லை. அவன் கொப்பியை மூடிவிட்டு எழும்பிக் குசினி வாசலில் போய் இருந்தான். அவ்வளவு காசு கட்டினவன், தங்கச்சிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருக்கிறான். அவள் துருவிக்கொண்டே கேள்வி கேட்கிறாள், இவன் பதில் சொல்கிறான்.

அவன் பரீட்சை பாஸ். போயும்விட்டான். அவளுக்கு அப்போது எழுத வயது காணாது, பதினெட்டு வேண்டும். இப்போது வயது வந்துவிட்டது, "நான் எப்பம்மா?" என்கிறாள். பொம்பிளைப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று எனக்கு நெஞ்சு இடிக்கிறது. புத்தகம் வாசிக்கிற பிள்ளை வீட்டிலேயே இருக்கும் என்று யாராவது சொன்னால் இப்போதே ஒரு கட்டு வாங்கிக் கொடுப்பேன். பகிடிக்குச் சொல்லவில்லை.


சம்மாந்துறைக் காக்கா

அனுப்புங்க அக்கா. மொழி வந்தவளைப் பூட்டி வைக்க ஏலாது.


கல்முனை அம்மா

உங்கட மகளென்றால் அனுப்புவீங்களா தம்பி?


கொக்கட்டிச்சோலையான்

நூலகர் சேருக்கு ஒன்று சொல்லத்தான் வந்தேன், என் கதையையும் போட்டுவிடுகிறேன்.

படுவான்கரையில் நான் வளர்ந்த காலத்தில் கரண்ட் இல்லை. ஆற்றைக் கடந்து பற்றரி கொண்டுவருவதும் பெரும்பாடு. அப்பா வயல் வட்டையில் காவல் இருக்கும் வாடிக் குடிசையில் ஒரு றேடியோ இருந்தது. செத்த பற்றரியைத் தகரத்தில் அடுக்கி வெயிலில் காயவைத்தால் இரவு பீபீசித் தமிழோசைக்கு ஒரு கால் மணித்தியாலம் உயிர் வரும். குரல் மெலிய மெலிய ஆறேழு தலைகள் றேடியோவோடு ஒட்டிவிடும். பாதியில் நின்றால், காது கூர்மையான நான்தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். லண்டன் குரலில்தான் சொல்வேன், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். 2017இல் அந்த ஒலிபரப்பை நிறுத்தியபோது என் தொண்டையில் ஏதோ அறுந்தது போல இருந்தது.

மறக்க முடியாத சங்கதி வேறு. கூத்துப் பழக்கும் எங்கள் ஊர்ப் பெரிய அண்ணாவியாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வடமோடிக் கூத்தொன்று பழக்கத் தொடங்கியபோது கொப்பியை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். களரியைச் சுற்றி ஊரே இருக்கிறது. நான் எழும்பி, தொண்டையைச் செருமி, அருச்சுனன் வரவுத் தருவை, அவன் களரிக்கு வரும்போது பாடும் பாட்டை, செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தேன். மத்தளக்காரர் அடிக்க இடம் தேடுகிறார், கிடைக்கவில்லை. அண்ணாவியார் கையை உயர்த்தினார். "மனே, அருச்சுனன் வாறான். வந்துட்டான் எண்டு அறிவிக்காத, அவன வர வை."

ஊர் சிரித்தது. நான் இரண்டு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை. மறுகா போனேன், இப்போதும் போகிறேன், கொப்பி பார்ப்பது நான்தான். இருந்தாலும் உணர்ச்சியான இடம் வரும்போது குரல் தானாக லண்டனுக்குப் போய்விடும்.

சரி, சேர். நீங்கள் சொன்ன அந்தப் பொடியன் நான் இல்லை, நான் ஒருநாளும் நூலகம் தேடி வரவில்லை. பாதைக்குக் காத்து நின்று, சோதனையில் பையை அவிழ்த்துக் காட்டி, பஸ் பிடித்து அவன் வந்திருக்கிறான். திரும்பிப் போகக் கடைசிப் பாதை பிடிக்கவேண்டும். போன் கெடுதி, சரை கெடுதி என்று ஒரு பக்கம் எழுதினீர்கள், அவனுக்கு நாலு வரி. வரி கட்டும் ஒருவரின் கையெழுத்துத்தானே வேண்டியிருந்தது? நீங்களே போட்டிருக்கலாமே.


ஊறணிக்காரி

ஓம், நானும் அதைத்தான் நினைத்தேன். கேட்க மனம் வரவில்லை.


ஓய்வு நூலகர்

போட்டிருக்கலாம். எனக்கு ஊருக்குள் வீடு இருந்தது, வரியும் கட்டினேன்.

அவன் நிரப்பிய படிவம் நான் ஓய்வுபெறும்வரை என் மேசை லாச்சியில்தான் கிடந்தது. நல்ல எழுத்து. பெயர், ஊர், பாடசாலை எல்லாம் எழுதியிருந்தான். பிணையாளர் என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு இழுத்திருந்தான், யாராவது எழுதும்போது நேராக வரட்டும் என்று.